நாளை இரவு ஏழு மணிக்கு மின்சாரம் என்ன விலை?

2024 ஜனவரி 4, வியாழக்கிழமை பிற்பகல். பின்லாந்தில் மறுநாளுக்கான மின்விலைப் பட்டியல் வெளியானது. வெள்ளி இரவு 7 மணியிலிருந்து 8 மணி வரை ஒரு யூனிட் மின்சாரம், மதிப்புக்கூட்டு வரியும் சேர்த்து 2.35 யூரோ. நாள் முழுவதற்குமான சராசரியே வரி நீங்கலாக 89 சென்ட். அந்த ஆண்டு முழுவதுக்கும் சராசரி எடுத்தால் நாலரை சென்ட்டை ஒட்டித்தான் வரும். ஆக, ஒரே ஒரு நாளைக்கு இருபது மடங்கு விலை. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. வடகோடியிலுள்ள எனோன்டெக்கியோவில் அந்த வெள்ளிக்கிழமை வெப்பநிலை மைனஸ் 44.3 டிகிரிக்கு இறங்கியது. நாடு முழுக்க வீடுகளைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள்.

பின்லாந்துக்காரர்களுக்குச் சௌனா இல்லாமல் வாரம் கழியாது. அந்த வெந்நீராவிக் குளியலறையின் மின்அடுப்பு 6 முதல் 9 கிலோவாட் வரை இழுக்கும். 8 கிலோவாட் அடுப்பை அந்த வெள்ளி இரவு 7 மணிக்கு ஒரு மணி நேரம் எரியவிட்டால் சுமார் 19 யூரோ ஆகும். ஆண்டுச் சராசரி விலையில் என்றால் அரை யூரோகூட ஆகாது. நிலையான விலைக்கு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. சந்தை விலையை அப்படியே மணிக்கு மணி ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள்தான் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் முன்னதாகவே தெரிந்ததால் குளியலைத் தள்ளிப்போட அவகாசம் கிடைத்தது.

அந்த விலைகளைப் பார்க்க வடக்கு ஐரோப்பாவில் செயலிகளும் நிரல்களும் ஏராளம். மேலோட்டமாகப் பார்த்தால் பள்ளி மாணவனுக்குக் கொடுக்கும் பயிற்சிபோலத்தான் இருக்கும்: ஒரு நாளின் விலைகளை எங்கிருந்தோ இறக்கி, ஒரு பட்டை வரைபடம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் வீட்டில் இருப்பவர் கேட்பது விலை என்ன என்று அல்ல. தண்ணீரை எப்போது சூடாக்கலாம், காரை எப்போது சார்ஜ் போடலாம் என்பதே அவர் கேள்வி. எண்ணிலிருந்து அந்தப் பதிலுக்குப் போகும் வழியில்தான் இந்த மென்பொருள்களில் நல்லதும் மோசமானதும் பிரிகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். செயலி காட்டும் நாளைய விலை, வானிலை அறிக்கை மாதிரியான கணிப்பு கிடையாது. ஏற்கெனவே ஏலம் முடிந்து தீர்மானமான விலை அது. நார்வே 1991-இல் மின்துறையைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. 1996-இல் ஸ்வீடனும் சேர, நாடுகளின் எல்லை தாண்டிய முதல் மின்சந்தையாக நார்ட் பூல் உருவானது. பின்லாந்து 1998-இல் வந்து சேர்ந்தது. தினமும் மத்திய ஐரோப்பிய நேரப்படி நண்பகல் 12 மணிக்குள் உற்பத்தியாளர்களும் வாங்குவோரும் தங்கள் கேட்புகளைக் கொடுத்துவிட வேண்டும். இந்த நேரத்தில் இந்த விலைக்கு இத்தனை மெகாவாட் தருகிறேன் என்று ஒரு பக்கம். இந்த விலை வரை இத்தனை மெகாவாட் எடுத்துக்கொள்கிறேன் என்று இன்னொரு பக்கம். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து இப்படி வருகிற கேட்புகளையும், நாடுகளுக்கிடையிலான மின்தடங்களின் கொள்ளளவையும் யூஃபீமியா என்ற ஒரு நிரல் மொத்தமாக எடுத்துக்கொண்டு விலைகளைக் கணக்கிடுகிறது. பிற்பகல் சுமார் 2 மணிக்கு ஹெல்சிங்கியில் விடை தெரியும்.

விலை எப்படி நிற்கிறது என்பது எளிது. மலிவான உற்பத்தியிலிருந்து மேல்நோக்கி அடுக்கிக்கொண்டே போவார்கள். காற்றாலைக்கு எரிபொருள் செலவில்லை, அது அடியில். அணுமின் நிலையம் அதற்கு மேல். அப்புறம் தேக்க நீர், கழிவு மரத்தை எரிக்கும் நிலையங்கள், கடைசியில் எரிவாயுவும் எண்ணெயும். தேவை எந்த இடத்தில் பூர்த்தியாகிறதோ, அங்கே நிற்கிற கடைசி ஆலையின் விலைதான் எல்லோருக்கும் விலை. இதனால்தான் தேவை பத்து சதவீதம் கூடினால் விலை பத்து சதவீதம் கூடி நிற்பதில்லை. அடுக்கின் உச்சிக்குப் போய்விட்டால் செங்குத்தாக ஏறும். மறுபக்கமும் உண்டு. பின்லாந்தின் காற்றாலைத் திறன் 2024 முடிவில் 8,000 மெகாவாட்டைத் தாண்டியது. நல்ல காற்று அடிக்கிற இரவில், மிஞ்சும் மின்சாரத்தை எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 700 மணி நேரத்துக்கும் மேல் அப்படி இருந்தது.

இனி மென்பொருளுக்கு வருவோம். விலைகள் பொதுவில் கிடைக்கின்றன. ஐரோப்பிய மின்கடத்தல் நிறுவனங்களின் கூட்டமைப்பான என்ட்ஸோ-ஈ, 2015 முதல் ஒரு வெளிப்படைத்தன்மைத் தளத்தை நடத்துகிறது. பதிவு செய்துகொண்டால் நிரல் வழியாகவே தரவைக் கேட்டு வாங்கலாம். எந்த விலை மண்டலம், எந்த நாள் என்று கேட்க வேண்டும். நாடு என்று கேட்டால் போதாது. பின்லாந்து முழுவதும் ஒரே மண்டலம்தான். ஆனால் ஸ்வீடன் 2011 நவம்பரிலிருந்து நான்கு மண்டலம், நார்வே ஐந்து. வடக்கு ஸ்வீடனில் ஆறுகளும் அணைகளும் இருக்கின்றன, மக்கள் குறைவு. தெற்கே மால்மோ பக்கம் மக்கள் அதிகம், உற்பத்தி போதாது. இடையில் உள்ள மின்தடம் நிரம்பிவிட்டால் ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் வடக்கே ஒரு விலை, தெற்கே அதைப்போலப் பல மடங்கு.

வந்து சேரும் எண், ஒரு மெகாவாட் மணிக்கு இத்தனை யூரோ என்று இருக்கும். பத்தால் வகுத்தால் யூனிட்டுக்கு இத்தனை சென்ட். இதுவரை சுலபம். வரியைச் சேர்க்கலாம் என்று கை வைக்கும்போதுதான் முதல் கண்ணி. பின்லாந்தில் மின்சாரத்துக்கான மதிப்புக்கூட்டு வரி 24 சதவீதமாக இருந்தது. 2022-இன் எரிசக்தி நெருக்கடியில் மக்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்க டிசம்பர் முதல் மறு ஆண்டு ஏப்ரல் முடிய 10 சதவீதமாகக் குறைத்தார்கள். பிறகு மறுபடி 24. 2024 செப்டம்பரிலிருந்து 25.5. வரியை ஒரு நிலையான எண்ணாக நிரலுக்குள் எழுதிவைத்தவர்களின் கணக்கெல்லாம் மூன்று முறை தப்பியிருக்கும். எந்தத் தேதிக்கு எந்த வரி என்று தனியாக ஓர் அட்டவணை வைத்திருப்பதே சரி. அரசாங்கங்கள் வரியை மாற்றும். அது மென்பொருளாளரைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

இரண்டாவது கண்ணி, கடிகாரம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சந்தையின் நாள், மத்திய ஐரோப்பிய நேரப்படி நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிகிறது. பின்லாந்து அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. எனவே பின்லாந்து வீட்டுக் கடிகாரப்படி சந்தை நாள் இரவு 1 மணியிலிருந்து அடுத்த இரவு 1 மணி வரை. நாட்காட்டியில் புதன்கிழமை என்று எழுதியிருக்கிற நாளின் முதல் மணி நேரத்துக்கான விலை, திங்கட்கிழமை ஏலத்திலேயே வந்துவிட்டது. மிச்சம் 23 மணி நேரத்துக்கான விலை செவ்வாய்க்கிழமை ஏலத்தில் வரும். சந்தையின் பட்டியலை அப்படியே தமது நாளாக எடுத்துக்கொள்ளும் நிரல், எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டும். ஒரு மணி நேரத் தவறு வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாது. மாதக் கடைசியில் பில்லில் தெரியும்.

இதற்கு மேல் கோடைகால நேரம். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு 23 மணி நேரம்தான். அக்டோபர் கடைசி ஞாயிறு 25 மணி நேரம். அக்டோபரில் பின்லாந்துக் கடிகாரம் 4 மணி ஆனதும் 3-க்குத் திரும்பும். அன்று அதிகாலை '3 மணி' இரண்டு முறை வருகிறது, இரண்டுக்கும் வெவ்வேறு விலை இருக்கலாம். மணியைச் சாவியாக வைத்து விலையைச் சேமித்தால் இரண்டாவது வந்து முதலாவதை அழித்துவிடும். எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில் சேமித்துவைத்து, திரையில் காட்டும் தருணத்தில் மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவதுதான் இதற்கு மருந்து. நிரல் எழுதுபவர்கள் அனைவரும் இதைப் படித்திருப்பார்கள். ஆண்டுக்கு இரண்டே ஞாயிறுதானே என்ற துணிச்சலும் பலருக்கு இருக்கிறது.

மூன்றாவது, சத்தமில்லாத வகை. என்ட்ஸோ-ஈ தரவு வடிவங்களில் ஒன்றில், அடுத்தடுத்த இரண்டு பொழுதுகளுக்கு விலை ஒன்றாகவே இருந்தால் இரண்டாவது புள்ளி அனுப்பப்படாது. ஐந்தாம் எண் இருக்கும், ஆறு இருக்காது, ஏழு இருக்கும். காணாமற்போனதைப் பிழை என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. முந்தைய விலையையே நிரப்பிக்கொள்ள வேண்டும். வருகிற எண்களை வரிசையாக 0, 1, 2 என்று மணிகளுக்கு ஒட்டிக்கொண்டு போகும் நிரலில், அந்த இடத்துக்குப் பிறகு நாள் முழுதும் பிசகிவிடும். விலை பூஜ்ஜியத்திலேயே பல மணி நேரம் படுத்துக்கிடக்கும் காற்று நாளில் இது நிச்சயம் நடக்கும்.

எண்கள் சரியாக வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். எப்படிக் காட்டுவது? பெரும்பாலான செயலிகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பூசுகின்றன. அன்றைய நாளுக்குள் மலிவானது பச்சை, விலை கூடியது சிவப்பு. இது எனக்கு உவப்பில்லாத வழக்கம். காற்றடிக்கிற ஒரு நாளில் விலை 0.1 சென்ட்டுக்கும் 0.9 சென்ட்டுக்கும் இடையில் ஆடினால், 0.9 சிவப்பாக எரியும். அதைப் பார்த்து ஒருவர் துணி துவைப்பதை நள்ளிரவுக்குத் தள்ளுவார். ஜனவரி 5 போன்ற நாளிலோ, அநியாய விலைகளுக்குள் சற்றே குறைந்த அநியாயம் பச்சையாகச் சிரிக்கும். நிறத்துக்கு இரண்டு அளவுகோல் வேண்டும்: இன்றைக்குள் இது எப்படி, வழக்கமான விலையோடு பார்த்தால் எப்படி. ஒன்றை மட்டும் காட்டுவது ஏமாற்று.

அடுத்தது 'மலிவான மூன்று மணி நேரம்' என்ற கேள்வி. கேட்க ஒன்றுபோல இருந்தாலும் இது இரண்டு கேள்விகள். நள்ளிரவிலிருந்து காலை 6 வரை விலை 2, 9, 4, 4, 5, 3 சென்ட் என்று இருப்பதாகக் கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்க நேரத்தைத் துண்டு போடலாம். 2, 3, 4 சென்ட் உள்ள மணிகளைப் பொறுக்கிக்கொள்ளலாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பாதியில் நிறுத்திவைக்க முடியாது. அதற்குத் தொடர்ச்சியாக மூன்று மணி வேண்டும். மூன்று மூன்றாகக் கூட்டிப் பார்த்தால் 15, 17, 13, 12 என்று வரும். கடைசி மூன்று மணிதான் சரி. நாளின் மிக மலிவான மணி, அதாவது 2 சென்ட், அதில் இல்லவே இல்லை. சாளரத்தை ஒவ்வொரு படியாக நகர்த்திக் கூட்டும் இந்தக் கணக்கு ஆறு வரி நிரல். ஆனாலும் எது எந்தச் சாதனத்துக்கு என்று கேட்காத செயலி தவறான ஆறு வரியை ஓட்டும்.

எவ்வளவு மிச்சமாகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவ ஏறக்குறைய ஒரு யூனிட் போகும். ஐந்து சென்ட் வித்தியாசம் என்றால் மிச்சம் ஐந்தே சென்ட். அதற்காக அலாரம் வைத்து எழுந்திருப்பது பொழுதுபோக்கு, சிக்கனமல்ல. 300 லிட்டர் வெந்நீர்த் தொட்டிக்கு ஓர் இரவில் 10, 15 யூனிட் போகலாம். மின்காருக்கு 40 யூனிட். அங்கேதான் பணம் இருக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பார்க்கும் செயலியோடு நிற்பதில்லை. ஹோம் அசிஸ்டென்ட் போன்ற திறந்தமூல வீட்டு மென்பொருளில் விலையை இணைத்து, தொட்டிக்கும் கார் சார்ஜருக்கும் ஒரு ரிலேவைப் போட்டு, எந்த மணியில் ஓட வேண்டும் என்று அதனிடமே விட்டுவிடுகிறார்கள். மனிதர் தினமும் பார்க்க வேண்டிய கருவி ஒரு மாதத்தில் அலுத்துவிடும்.

தானாக இயங்கும் இந்த ஏற்பாட்டின் பலவீனத்தை 2023 நவம்பரில் பின்லாந்து பார்த்தது. நவம்பர் 23 அன்று வெளியான பட்டியலில் மறுநாள் பிற்பகல் முழுதும் விலை ஒரு மெகாவாட் மணிக்கு மைனஸ் 500 யூரோ. சந்தை விதிப்படி அதற்குக் கீழே போக முடியாது. யூனிட் ஒன்றைச் செலவழித்தால் 50 சென்ட் திரும்ப வரும் என்று பொருள். நவம்பர் மாதத்துக் குளிரில்! நடந்தது இதுதான்: நார்வே நிறுவனம் ஒன்று, தவறுதலாக சுமார் 5,800 மெகாவாட் மின்சாரத்தை எந்த விலையானாலும் விற்கத் தயார் என்று கேட்புப் போட்டுவிட்டது. அப்படி ஒரு மின்சாரமே கிடையாது. பின்லாந்தின் மிகப் பெரிய அணு உலையான ஒல்கிலுவோட்டோ 3-இன் திறன் 1,600 மெகாவாட். அதைப்போல மூன்றரை உலைகள் காகிதத்தில் முளைத்தன. ஏல முடிவு திரும்பப் பெறப்படவில்லை. செயலிகள் எல்லாம் சரியாகவே வேலை செய்தன. சரியான எண்ணை, சரியான மணிக்கு நேராக, பச்சை நிறத்தில் காட்டின. மின்சாரத்தை இப்போது அள்ளிச் செலவழி என்றது விலை. செலவழிக்க மின்சாரம் இல்லை என்றது யதார்த்தம். மின்கடத்தல் நிறுவனமான ஃபின்கிரிட் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று மக்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. விற்ற நிறுவனம், இல்லாத மின்சாரத்தை ஏலத்துக்குப் பிறகு நடக்கும் உள்நாள் சந்தையில் வாங்கி ஈடுகட்ட ஓடியது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பட்டியல் வெளியான பிறகு வீடுகள் என்ன செய்தாலும் அந்த நாளின் விலை மாறாது. மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை மின் விற்பனையாளர்கள் முன்கூட்டியே ஊகித்துத்தான் ஏலத்தில் வாங்குகிறார்கள். எல்லோருடைய நிரலும் ஒரே மலிவான மணியைத் தேர்ந்தெடுத்தால் அந்த மணி தொடங்கும் நொடியில் ஆயிரக்கணக்கான தொட்டிகளும் கார்களும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். இது புதுப் பிரச்சினையும் இல்லை. பின்லாந்தில் பல பத்தாண்டுகளாக இருக்கிற இரவுக் கட்டணம் 10 மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் வெந்நீர்த் தொட்டிகள் கூட்டமாக இயங்கத் தொடங்குவது பழைய வழக்கம். விலை மணிக்கணக்கில் இருந்தவரை ஆலைகளும் மணிக்கொரு முறை உற்பத்தியை மாற்றியதால், மணி மாறும் வேளையில் மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் தடுமாறியது. நல்ல நிரல், சாதனத்தை மணி தொடங்கியதும் சரியாக இயக்காமல் சில நிமிடங்கள் முன்பின்னாகச் சிதறவிடும். பயனருக்கு நஷ்டமில்லை, மின்கட்டமைப்புக்கு நிம்மதி.

விலையைக் காட்டும் செயலி எல்லா இடத்திலும் இந்த அளவுக்கு உதவும் என்று நினைத்துவிடக் கூடாது. டெக்சஸ் மாநிலத்தில் கிரிடி என்ற நிறுவனம் மொத்த விலையை அப்படியே வீடுகளுக்குக் கடத்தியது, செயலியும் கொடுத்தது. ஆனால் அங்கே கடத்தப்பட்டது உடனடி விலை. முந்தைய நாளே உறுதியான விலை அல்ல. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் விலை உச்சவரம்பான யூனிட்டுக்கு 9 டாலரில் நாள்கணக்கில் நின்றது. வெளியே உறைபனி, ஹீட்டரை அணைத்தால் உயிருக்கே ஆபத்து. வாடிக்கையாளர்களில் சிலருக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. மார்ச் மாதம் நிறுவனம் திவாலானது. தள்ளிப்போட முடியாத தேவையின் முன்னால் விலைத் தகவல் வெறும் கெட்ட செய்திதான். பின்லாந்து நுகர்வோருக்குக் கிடைக்கிற ஒரு நாள் அவகாசம் எவ்வளவு பெரியது என்பது டெக்சஸைப் பார்த்தால் விளங்கும்.

2025 அக்டோபர் 1 முதல் ஐரோப்பாவின் மறுநாள் ஏலம் மணிக்கணக்கிலிருந்து கால் மணிக்கணக்குக்கு மாறிவிட்டது. நாளுக்கு 24 விலை இருந்த இடத்தில் 96. நேர மாற்ற ஞாயிறுகளில் 92 அல்லது 100. சூரியன் ஏறுவதும் மேகம் மூடுவதும் மணியடித்து நடப்பதில்லை என்பதால் இது நியாயமான மாற்றம். இந்த விஷயத்தில் இந்தியா முந்திக்கொண்டது என்பது பலருக்குத் தெரியாது. 2008-இல் தொடங்கிய ஐஇஎக்ஸ் மின்சந்தையில் 2012 ஏப்ரலிலிருந்தே பதினைந்து நிமிடப் பிளாக்குகள்தாம். தினமும் 96 விலைகள் வெளியாகின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தமிழ்நாட்டு மின்வாரியமும் அங்கே வாங்குகிறது. ஆனால் நம் வீட்டு மீட்டருக்கு அந்த 96 எண்களும் ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கொரு முறை மொத்த யூனிட்டைக் குறித்து அடுக்குக் கட்டணம் போடும் முறையில், நண்பகல் யூனிட்டும் இரவு 7 மணி யூனிட்டும் ஒரே விலை. பின்லாந்தில் இந்தக் கருவிகளுக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம், மணிக்கு மணி அளவெடுக்கும் மீட்டர்கள் 2010-களின் நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் போய்விட்டன.

கால் மணி விலை வந்ததும் செயலி எழுதுகிறவர்களுக்குப் புதிய வேலை சேர்ந்திருக்கிறது. பட்டியலில் 24 உருப்படிகள்தான் இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல்கள் முதலில் திருத்தப்பட்டன. 96 பட்டைகள் கைபேசித் திரையில் அடங்காததால் சிலர் நான்கை ஒன்றாக்கிச் சராசரி காட்டுகிறார்கள். அப்படிக் காட்டினால், பில் எதன்படி வருகிறதோ அதையும் பக்கத்தில் காட்டியாக வேண்டும். மலிவான கால் மணிகளைத் துரத்திக்கொண்டு வெப்ப பம்பை நாளுக்கு இருபது முறை போட்டு அணைக்கும் நிரல் காசை மிச்சப்படுத்தி கம்ப்ரசரைக் கொன்றுவிடும். ஆகையால் ஒருமுறை ஓடத் தொடங்கினால் குறைந்தது இத்தனை நிமிடம், நின்றால் குறைந்தது இத்தனை நிமிடம் என்ற இரண்டு வரம்புகளை விலைக் கணக்குக்குள் இப்போது சேர்க்கிறார்கள்.